இரும்படிக்கிற இடத்தில் ஈ

(தலைப்பு: கைத்தொழிலை வாழவைப்பவர் பிழைப்புக்குச் செய்பவரா, பிரியத்துக்குச் செய்பவரா? 'பிரியத்துக்குச் செய்பவரே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே, பேசி முடித்துவிட்டு ஜெயித்துவிட்ட தெம்பில் சோடா குடித்துக் கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் அண்ணன் அவர்களே, அரங்கம் நிறைந்த பெரியோர்களே, வீட்டில் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மார்களே! (சிரிப்பு)

அண்ணன் ஒரு பழமொழி சொல்லிட்டுப் போனார். "இரும்படிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை?"ன்னு கேட்டார். தொழில்காரன் இரும்படிக்கிறான், ஆசைக்கு வந்து நிக்கிறவன் ஈ, மழை வந்தா பறந்துடும், அதை நம்பி ஒரு தொழில் இருக்க முடியுமான்னு கேட்டார். நீங்க கை தட்டுனீங்க. நானும் தட்டுனேன். நல்லா இருந்தா தட்டித்தானே ஆகணும்?

ஆனா நடுவர் அவர்களே, இந்த மேடையில் இரும்படிக்கிற வீட்டில் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். எங்க அப்பா சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் கொல்லாசாரி.

நடுவர்: அப்படின்னா நீங்க அந்தப் பக்கம்ல உக்காந்திருக்கணும்? (சிரிப்பு)

எங்க அம்மாவும் அதையேதான் கேட்டாங்க. ஏன் இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லத்தான் எழுந்து நிக்கிறேன்.

முதல்ல எங்க பட்டறைக்குள்ள வாங்க. தென்னங்கீத்துக் கொட்டகை. தரையில் உலை. பக்கத்தில் தோல் துருத்தி. புளியங்கட்டையில் பதிச்ச பட்டறைக் கல்லு. கல்லுன்னு பேர்தான், அது இரும்பு. அப்பா ஒரு கையில் குறடு, ஒரு கையில் சின்னச் சுத்தியல். சம்மட்டி யார் கையில் தெரியுமா? எங்க அம்மா கையில். வீட்டுக்குள்ள அப்பா அதிகாரம்தான். ஆனா தினம் சம்மட்டி தூக்குற கைன்னு ஒரு ஞாபகம் இருக்கும் பாருங்க, அதனால அதிகாரம் ஓர் அளவோடயே நிக்கும். (சிரிப்பு, கைதட்டல்)

வேலை நடக்கும்போது பேச்சே கிடையாது. அப்பா சின்னச் சுத்தியலால் எந்த இடத்தைத் தொடுறாரோ அந்த இடத்தில் அம்மாவோட சம்மட்டி விழும். மெதுவாத் தொட்டா மெதுவா, ஓங்கித் தொட்டா ஓங்கி. போதும்னா, அப்பா கல்லு ஓரத்தில் 'டிங்'குனு ஒரு தட்டு. அந்தரத்தில் இருக்கிற சம்மட்டி அப்படியே இறங்கிடும். பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, வெள்ளைக்காரன் பட்டறையிலும் இதே பாஷைதான்னு. எந்த ஊர் இரும்புக்கும் ஒரே இலக்கணம்.

இப்ப ஈக்கு வர்றேன். எங்க பட்டறையில் எப்பவும் நாலு ஈ உண்டு. கொழு அடிக்க வந்த சம்சாரி, தன் முறை வர்ற வரைக்கும் சும்மா உட்கார மாட்டார். துருத்தியை வாங்கி இழுப்பார். அரிவாளுக்குப் பல் வெட்ட வந்த ஆத்தா, கரி அள்ளிப் போட்டுக்கிட்டே ஊர்க்கதை பூராத்தையும் உலையில் கொட்டிட்டுப் போகும். வேலை வெட்டி இல்லாத பெரியவர் ஒருத்தர் தினத்தந்தியைச் சத்தமா வாசிப்பார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. உலக நடப்பெல்லாம் உலைமுகத்தில்தான்.

வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுற அன்னிக்கு எங்க தெருவே திருவிழா. மரச்சக்கரத்தைவிட இரும்பு வளையம் கொஞ்சம் சின்னதா இருக்கும். வறட்டியைச் சுத்தி அடுக்கித் தீ வைப்பாங்க. வளையம் சிவந்து விரியும். நாலு பக்கமும் நாலு குறடு. தச்சாசாரி "போடு போடு"ம்பார். சக்கரத்தில் இறக்கி, நாலு தட்டுத் தட்டி, குடம் குடமாத் தண்ணி. 'உஸ்ஸ்'னு புகை. வளையம் சுருங்கி இறுக்கும்போது மரத்தோட மூட்டெல்லாம் நறநறன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு உட்காரும். குறடு பிடிச்ச நாலு பேரில் எங்க அப்பாதான் கூலிக்கு. மத்த மூணு பேர்? சோத்துக்குக்கூட இல்லீங்க, பார்க்கிற ஆசைக்கு வந்தவங்க. அந்த மூணு ஈ இல்லேன்னா எங்க அப்பா ஒத்தை ஆளா அந்த வளையத்தைத் தூக்கியிருக்க முடியாது. (கைதட்டல்)

அதில் ஒரு பையன். எங்க வாத்தியார் வீட்டுப் பையன், என் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டா நேரா பட்டறைதான். "மாமா, ஒரே ஒரு தடவை அடிக்கிறேன் மாமா"ன்னு கெஞ்சுவான். ஒரு நாள் அப்பா கையில் சுத்தியலைக் கொடுத்துட்டார். ஒரு ஆணி அடிச்சான். கோணலா, புழு மாதிரி. அவனுக்கு அது தங்க ஆணி. அதுக்குள்ள அவன் அப்பா வந்து காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனார். "நீ என்ன ஆசாரி வீட்டுப் பிள்ளையாடா?"

பார்த்தீங்களா? ஆசைப்பட்டவனுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்த எனக்கு ஆசை இல்லை. நம்ம ஊரில் சுத்தியல் பிறப்பில் வர்றது, விரும்பி எடுக்கிறதில்லை. அண்ணன் சொன்ன பழமொழியை நாம ஈக்கு மட்டும் சொல்லலை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் சொல்லி விரட்டிட்டோம்.

சரி, ஈ போனா போகட்டும், தொழில்காரன் மகன் நின்னானா? டிராக்டர் வந்தது, கொழு போச்சு. டயர் வண்டி வந்தது, பட்டா போச்சு. கடையில் மெஷின் மண்வெட்டி வந்தது. அப்பாவே சொல்லிட்டார்: "இந்தப் புகை என்னோட போகட்டும். நீ படி." படிச்சேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் ஆனேன். உலோகங்களின் பண்புகள்னு பாடம் நடத்துவேன், சுண்ணாம்புக் கட்டியை வச்சுக்கிட்டு. (சிரிப்பு) அண்ணே, மழைக்குப் பறந்த ஈ யாரு? நான்தான். பிழைப்புக்குன்னு வந்தவன், பிழைப்பு வேற இடத்தில் கிடைச்சா போயிடுவான். அதைத் தப்புன்னு சொல்லலை. வயிறு போகச் சொன்னா போய்த்தானே ஆகணும்?

இது எங்க வீட்டுக் கதை மட்டுமில்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே தோண்டிப் பார்த்தப்ப, மூசையில் உருக்கு காய்ச்சின தடயம் கிடைச்சது. நம்ம 'உருக்கு'ங்கிற சொல்லும் கன்னடத்து 'உக்கு'ங்கிற சொல்லும்தான் வெள்ளைக்காரன் வாயில் 'வூட்ஸ்'னு ஆச்சுன்னு சொல்வாங்க. தென்னாட்டில் காய்ச்சின அந்தக் கட்டியை வாங்கித்தான், அலை அலையாக் கோடு ஓடுற டமாஸ்கஸ் வாளை அந்தக் காலத்தில் அடிச்சாங்க. 1819-ல் லண்டனில் அந்த உருக்கைச் சோதிச்சுப் பார்த்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்குப் பேர் போன அதே ஃபாரடே. அவர் அப்பா யாரு? ஒரு கொல்லர். (கைதட்டல்)

அந்த வித்தை நம்மகிட்ட நின்னுச்சா? நிக்கலை. தாது கிடைக்காமப் போச்சுங்கிறது ஒரு காரணம், சீமை இரும்பு வந்ததுங்கிறது இன்னொண்ணு. மூணாவது காரணத்தை எங்க சாதிக்காரங்க வருத்தப்பட்டாலும் நான் சொல்றேன்: வீட்டுக்குள்ளேயே பொத்தி வச்சோம். வீடு தொழிலை விட்டதும் வித்தையும் போச்சு.

திரும்பக் கண்டுபிடிச்சவங்க யாருன்னு பாருங்க. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் கட்டிக்கிட்டிருந்த ஆல்ஃபிரெட் பென்ட்ரே. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன். ரெண்டு பேரும் வருஷக்கணக்கா உட்கார்ந்தாங்க. ஒருத்தர் உலையில் காய்ச்சுவார், இன்னொருத்தர் நுண்ணோக்கியில் பார்ப்பார். பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவா வனேடியம் கலந்திருந்தாலே அந்த அலைக்கோடு விழுதுன்னு கண்டாங்க. 1998-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் பேராசிரியர் பேருக்குப் பக்கத்தில் லாடக்காரர் பேர். அண்ணன் குறிப்பு எழுதுறார், "பென்ட்ரே தொழில்காரர்தானே"ன்னு. லாடம் தொழில்தாண்ணே. அது சோறு போட்டது. அலைக்கோட்டைத் தேடி அலையச் சொல்லி எந்தக் குதிரையும் அவர்கிட்ட கேட்கலையே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அமெரிக்காவிலும் பட்டறைகள் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டேதான் வந்தது. 1973-ல் ஜார்ஜியா மாநிலத்தில் லம்ப்கின்னு ஒரு சின்ன ஊரில் 27 பேர் கூடி, கலைக் கொல்லர் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் கிளை. நான் போனதில்லை. போனவன் என் தங்கச்சி மகன். கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். தாத்தா பட்டறையை அவன் பார்த்ததே கிடையாது. பிறக்கிறதுக்கு முன்னாடியே உலை அணைஞ்சுடுச்சு.

ஒரு சனிக்கிழமை யாரோ நண்பர் கூப்பிட்டாருன்னு அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கான். ஃபோனில் சொல்றான்: "மாமா, ஒரு பல் டாக்டர், ஒரு லாரி டிரைவர், ஒரு பாட்டி, ஒரு லாடக்காரர், எல்லாரும் ஒரே உலையில் நிக்கிறாங்க மாமா." கொல்லர் தொழிலையே நம்பி இருக்கிற ஒருத்தர் நடுவில் நின்னு காட்டுறார். மத்தவங்க ஆறின இரும்பை லொட்டு லொட்டுன்னு அடிச்சா, "திரும்பத் தீயில் வை, திரும்பத் தீயில் வை"ன்னு கத்துறார். எங்க அப்பா என்னைத் திட்டின அதே திட்டு, இங்கிலீஷில்! அடிக்கிறது என்ன இரும்புன்னு கேட்டேன். லாரியில் கழிச்ச பட்டையாம். திருப்பாச்சேத்தி அரிவாளும் லாரிப் பட்டையில்தானே அடிக்கிறோம்?

கூட்டம் முடியிறப்ப ஒரு வேடிக்கை. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வந்து வைப்பாங்க, தான் அடிச்ச கொக்கியோ பழைய குறடோ. சீட்டு வாங்கிப் போடுவாங்க. சீட்டு விழுந்தவர் பொருளை எடுத்துக்கிட்டுப் போவார். சீட்டுக் காசு சங்கத்துக்கு. 'தொப்பிக்குள் இரும்பு'ன்னு அதுக்குப் பேர். தொழில்காரர் அடிச்ச கதவுக் கைப்பிடி பல் டாக்டர் வீட்டுக்குப் போகும். பல் டாக்டர் அடிச்ச கோணல் கொக்கி தொழில்காரர் வீட்டுக்கு வரும். பாவம், அவர் என்ன பண்ணுவார்? அதையும் மாட்டித்தான் வைப்பார். (சிரிப்பு)

சண்டை இல்லாம இல்லை. ஆசைக்காரங்க கொக்கியை அடிமாட்டு விலைக்கு வித்தா, தொழில்காரருக்கு வயிறு எரியும். நியாயம்தானே? அவர் கரிக்கும் கொட்டகைக்கும் காசு கொடுக்கணும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை சொல்லிக் கொடுக்க வந்துடுறார். ஏன்னா, கைவேலைக் கதவுக்கு ஏன் கூடுதல் காசுன்னு புரிஞ்சு கொடுக்கிறவன், ஒரு தடவையாவது கை பொத்துப்போக அடிச்சுப் பார்த்தவன்தான்.

பையனுக்குப் பைத்தியம் பிடிச்சுப் போச்சு. ஒரு நாள் கேட்டான்: "மாமா, இங்கே பழைய பட்டறைக் கல்லுக்கு எல்லாரும் அலையிறாங்க. எடைக்கணக்கில் யானை விலை. நல்ல கல்லான்னு பார்க்க, சின்ன இரும்புக் குண்டை மேலே போட்டு எவ்வளவு உயரம் எகிறுதுன்னு பார்க்கிறாங்க. தாத்தா கல்லு எங்கே மாமா? அதை எடுத்து வைங்க. நான் வர்றேன்."

நடுவர் அவர்களே, அப்பா போன வருஷமே நான் அதை வித்துட்டேன். நானும் எடைக்குத்தான் போட்டேன், பழைய இரும்புக்காரர் தராசில். புளியங்கட்டையை விட்டு அது வர மாட்டேன்னுது. கடப்பாரை போட்டு நெம்புனோம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லலை. வந்த காசில் ஒரு மிக்சி வாங்கினேன். அந்த மிக்சியும் இப்ப இல்லை.

பையன்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பரவாயில்லை மாமா. தாத்தா அரிவாளுக்குப் பதம் எப்படிப் பார்ப்பாரு? எந்த நிறத்தில் தண்ணியில் விடுவாரு?"ன்னு கேட்டான். நான் அறிவியல் வாத்தியார். இரும்போட உருகுநிலை சொல்வேன். அப்பா எந்த நிறத்தில் நிறுத்துவார்னு எனக்குத் தெரியலை.

பின்னாடி இருந்து அம்மா குரல்: "ஃபோனை இங்கே கொடு."

எண்பது வயசுங்க. ஃபோனை வாங்கிக்கிட்டு ஆரம்பிச்சாங்க. "கண்ணு, வெளிச்சத்தில் பார்க்காதே, நிழல்ல வச்சுப் பாரு. முதல்ல செவக்க வச்சு, வாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணியில் விடு. எடுத்து மணல்ல தேய்ச்சு வெளுக்க வை. முதுகில் இருக்கிற சூடு மெல்ல இறங்கி வரும். வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ, அப்புறம் நீலம். கருவேலம் வெட்டுற அரிவாள்னா பழுப்பு வந்ததும் நிறுத்து. நீலம் வரை விட்டா வாய் மடங்கும். வைக்கோலிலேயே நிறுத்தினா பல் தெறிச்சிடும்..."

அரை மணி நேரம். நான் பக்கத்தில் நின்னு கேட்டேன். நாற்பது வருஷம் சம்மட்டி அடிச்சவங்க, பார்த்துப் பார்த்து எல்லாத்தையும் மனசில் வச்சிருந்தாங்க. "ஏம்மா, எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே?"ன்னேன். "நீ என்னிக்குடா கேட்டே?"ன்னாங்க. (கைதட்டல்)

ஞாயித்துக்கிழமை ஆனா இப்ப அந்த ஃபோன் அவங்க ரெண்டு பேருக்கும்தான். எனக்குக் கிடைக்கிறதில்லை. பையன் அடிச்ச அரிவாளைக் கேமரா முன்னாடி காட்டுவான். இவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "பிடி கோணல்டா"ம்பாங்க. அங்கே பல் டாக்டரும் லாடக்காரரும் பின்னாடி நின்னு எட்டிப் பார்க்கிறாங்க. "உங்க பாட்டி என்ன சொல்றாங்க?"ன்னு கேட்டு எழுதி வச்சுக்கிறாங்களாம்.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

கல்லு ஓரத்தில் தட்டிட்டீங்க. சம்மட்டியை இறக்கிடுறேன்.

(பலத்த கைதட்டல்)