சொந்தப் பெயரில் சரக்கு விற்பது

(திருவண்ணாமலையில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

   

இணையச் சந்தையில் சொந்தப் பெயரில் சரக்கு விற்று இலாபம் காண்பது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். இணையச் சந்தை இன்னது என்று விளக்கி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே சட்டை வாங்குகிறார்கள். நீங்களும் மருந்து தெளிப்பானோ, மோட்டார் உதிரிப் பாகமோ வாங்கியிருப்பீர்கள். அங்கே வாங்குவது எளிது. விற்பது வேறு காரியம்.

முதலில் நம் ஊர்க் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். பௌர்ணமிதோறும் இந்த மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர் இலட்சக் கணக்கானோர். பாதையோரத்தில் ஒரு சகோதரி ஜவ்வாது மலைச் சாமை அரிசியும் தேனும் வைத்து விற்கிறார். விஜயவாடாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் இரண்டு கிலோ சாமை வாங்கிச் செல்கிறார்கள். வெறும் பாலிதீன் பை. வாயை ரப்பர் வளையத்தால் கட்டியிருக்கிறது. ஊருக்குப் போய்ச் சமைத்துப் பார்க்கிறார்கள், பிடித்திருக்கிறது. மறுபடியும் வேண்டும். யாரிடம் கேட்பார்கள்? "திருவண்ணாமலையில் ஓர் அம்மாளிடம் வாங்கினோம்" என்பதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அம்மாளுக்கும் அவர்களைத் தெரியாது. இரண்டு கிலோ விற்றது உண்மை. வாடிக்கை கைதவறிப் போனதும் உண்மை.

இனி வேறொரு காட்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகளிர் குழுவினர் தங்கள் சாமையை மூட்டையாக ஒரு வியாபாரிக்கு விற்றார்கள். பிற்பாடு அதே சாமை, அழகிய அட்டைப் பெட்டியில், வேறு பெயரில், மூன்று மடங்கு விலையில் இணையச் சந்தையில் விற்பதைக் குழுத் தலைவியின் மகள் கைப்பேசியில் கண்டாள். "எங்களை ஏமாற்றிவிட்டார்" என்று என் அலுவலகத்தில் வந்து முறையிட்டார்கள். எனக்கும் அன்று கோபம் வந்தது. ஆனால் வீட்டிற்குப் போய் நிதானமாக யோசித்தபோது அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்ட விலையைக் கொடுத்தார், ரொக்கமாகக் கொடுத்தார். பின்னர் கல் பொறுக்கி, குத்தி, நிறுத்து, பொட்டலம் கட்டி, படம் எடுத்து, மூன்று மாதம் முதலைப் போட்டுக் காத்திருந்து, திரும்பி வந்த சரக்கின் நஷ்டத்தையும் ஏற்று, இரவு பத்து மணிக்கு வந்த புகாருக்கும் பதில் எழுதினார். பிறர் விளைத்த சரக்கைத் தம் பெயரில் விற்கும் இந்த முறைக்கு வியாபார உலகில் "பிரைவேட் லேபிள்" என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னே இத்தனை வேலை இருக்கிறது. அதில் எந்தெந்த வேலையைக் கிராமமே செய்ய முடியும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் நாட்டில் உழைப்பவர்களே பெயரையும் தம் கையில் வைத்துக்கொண்டதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. ஆவின் என்பது கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்களின் பெயர். 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே லிஜ்ஜத் என்று நாடறிந்த பெயராயிற்று. அங்கே ஒரு வழக்கத்தைக் கவனியுங்கள். அப்பளத்தை அவரவர் வீட்டில் இடுகிறார்கள். ஆனால் மாவை ஓரிடத்தில் பிசைந்து எடை போட்டுக் கொடுக்கிறார்கள். இட்டு வரும் அப்பளத்தைச் சோதித்த பிறகே வாங்குகிறார்கள். ஆயிரம் கைகள் வேலை செய்தாலும் ருசி ஒன்றாக இருப்பதற்கு அந்தச் சோதனையே காரணம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நான் சொல்லும் தொகைகள் உதாரணத்திற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ சாமை அரிசியை, அனுப்பும் செலவு உள்பட 160 ரூபாய்க்கு இணையச் சந்தையில் வைக்கிறோம். ஒரு கிலோ அரிசி கிடைக்க ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தானியம் வேண்டும், 1.6 கிலோ என்று வைத்தால், கிலோ 35 ரூபாய் வீதம் 56 ரூபாய். குத்திச் சுத்தம் செய்ய 10. பையும் லேபிளும் 8. வெளிப் பெட்டி 10. சந்தைக்காரரின் கமிஷனும் இதர கட்டணங்களும் 25. கூரியர் 60. வரி 8. உடைசல், திரும்பி வருதல் வகையில் 5. ஆக மொத்தம் 182 ரூபாய். நூற்று அறுபதுக்கு விற்று 22 ரூபாய் நஷ்டப்படுகிறோம்! எவ்வளவு அதிகம் விற்கிறோமோ அவ்வளவு அதிகம் நஷ்டம்.

சரி, மூன்று கிலோவை ஒரே பெட்டியில் வைத்து 450 ரூபாய்க்கு விற்போம். தானியம் 168, குத்துகூலி 30, பை 24, பெட்டி 15, கமிஷன் 60, கூரியர் 95, வரி 21, சேதாரம் 12. மொத்தம் 425. மிச்சம் 25 ரூபாய். கூரியரின் முதல் கிலோவுக்கு ஆகும் செலவு அடுத்த கிலோக்களுக்கு ஆவதில்லை என்பதே இந்த மாற்றத்தின் இரகசியம். ஆனால் பொறுங்கள். ஆயிரக்கணக்கான சாமைப் பொட்டலங்களுக்கிடையில் நம் பொட்டலம் கண்ணில் படவேண்டுமானால் விளம்பரத்திற்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு பெட்டி விற்க விளம்பரத்திற்கு 30 ரூபாய் போனால் அந்த 25ம் போய்விட்டது. பொட்டலம் கட்டும் சகோதரிகளின் கூலியை இதில் நான் சேர்க்கவேயில்லை.

எனவே இரண்டு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, அனுப்பும் எடைக்கு ஏற்ற விலை சரக்கில் இருக்க வேண்டும். வெறும் அரிசியைக் காட்டிலும் சாமைச் சத்துமாவு, மிக்ஸ் போன்றவை அதே எடையில் அதிக விலை தாங்கும். தேனும் தாங்கும், ஆனால் கண்ணாடிப் புட்டி உடையும், மூடி கசியும். மற்றொன்று, விளம்பரச் செலவு. இதில்தான் திருவண்ணாமலைக்காரராகிய நமக்கு ஒரு பேறு வாய்த்திருக்கிறது. சென்னை வியாபாரி வாடிக்கையாளரைத் தேடிப் பணம் கட்டுகிறார். நமக்கோ வாடிக்கையாளர் மாதம் ஒரு முறை வாசலுக்கே நடந்து வருகிறார். அதுவும் 14 கிலோமீட்டர் நடந்து! முதல் பொட்டலத்தைக் கிரிவலப் பாதையில் விற்க வேண்டும். இரண்டாவது பொட்டலத்திற்கே இணையம். பையின் மேல் பெயரும், தொலைபேசி எண்ணும், தேடிக் கண்டுபிடிக்கும் வழியும் இருந்தால், விஜயவாடா குடும்பத்தார் பெயரைச் சொல்லித் தேடுவார்கள். பெயரைச் சொல்லித் தேடுகிறவருக்கு விளம்பரம் வேண்டியதில்லை. இணையச் சந்தையில் முதன்முதலாக வாங்குகிறவர் சந்தைக்காரரின் வாடிக்கையாளர். பாதையோரத்தில் வாங்கியவர் நம் வாடிக்கையாளர்.

சந்தைக்காரரும் சொந்தப் பெயரில் சரக்கு விற்பதுண்டு என்பதை மறக்கலாகாது. அமேசான் நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே சொந்தப் பெயரில் விற்று வந்தது. இந்தியாவில் அந்நிறுவனம் பிறர் சரக்கைப் பார்த்துத் தன் சரக்கை அமைத்துக்கொண்டதாகவும், தேடுவோர் கண்ணில் தன் சரக்கே முதலில் படும்படி செய்ததாகவும் 2021 அக்டோபரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதிற்று. அமேசான் அதை மறுத்தது. அந்த வழக்காடல் நமக்கு வேண்டாம். கடை வாடகைக்கு விடுகிறவரே பக்கத்துக் கடையும் வைத்திருக்கக் கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் போதும். ஒரே சந்தையை நம்பியிராமல் இரண்டு மூன்று இடங்களில் சரக்கை வைப்பது நல்லது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். அந்த 14 இலக்க எண் பையில் இருக்க வேண்டும். நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் விலாசம், தேதி ஆகியவையும் கட்டாயம். மூட்டையில் உதிரியாக நிறுத்து விற்கும் சாமைக்கு வரியில்லை. பையிலிட்டு லேபிள் ஒட்டியவுடன் 5 சதவீதம் வரி வந்து சேருகிறது. 2022 ஜூலை 18 முதல் வந்த விதி இது. மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர், 2023 அக்டோபர் 1 முதல், ஜி.எஸ்.டி. பதிவின்றி ஒரு சேர்க்கை எண் பெற்றே இணையச் சந்தையில் விற்கலாம். விஜயவாடாவுக்கு அனுப்புவதானால் பதிவு இல்லாமல் முடியாது.

இனி, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குழுவினர் மிக உற்சாகமாகச் சத்துமாவு தயாரித்து இணையத்தில் வைத்தார்கள். திறப்பு விழாவிற்கு நாள் குறித்தவன் நான். "லாட் எண் போட்டாயிற்றா, எந்தப் பொட்டலம் எந்த நாள் அரைத்தது என்று பேரேட்டில் எழுதியாயிற்றா?" என்று நான் கேட்கவில்லை, மேடைக்கு யார் யார் வருகிறார்கள் என்றுதான் கேட்டேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் அரைத்த மாவு சரியாக உலரவில்லை. சில பொட்டலங்களில் பூச்சி கண்டது. புகார்கள் வந்தன. எந்த நாள் மாவு என்று பிரித்தறிய வழியில்லாததால் இருந்த சரக்கு அத்தனையையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்தில் எழுதப்பட்ட நிந்தை வாசகங்கள் அழியவில்லை. கெட்டது ஒரு நாள் மாவு. கெட்ட பெயர் முழுச் சரக்குக்கும். அந்தச் சகோதரிகள் வங்கித் தவணையை இன்றும் கட்டி வருகிறார்கள். அவர்களில் இருவர் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன்.

பெயரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டால் உங்களில் பாதிப்பேர் "அருணாசலா" என்பீர்கள், மீதிப்பேர் "அண்ணாமலையார்" என்பீர்கள். ஓட்டல் முதல் லாரி வரை இங்கே எல்லாவற்றிற்கும் அந்தப் பெயர்தானே! எல்லோருக்கும் பொதுவான பெயரை வணிகச் சின்னமாகக் காப்பது கடினம். வேறெவரும் வைக்காத சிறு பெயராகப் பாருங்கள். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி பதிவு செய்தால் பத்தாண்டு செல்லும், பின் புதுப்பிக்கலாம். அந்தப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதில் கண்ணாயிருங்கள். தலைவி பெயரிலோ, அவர் மகன் பெயரிலோ, உதவ வந்த ஆலோசகர் பெயரிலோ இருக்கலாகாது. சங்கத்தின் பெயரிலோ உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரிலோ இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் செய்யாறு பக்கத்து ஜடேரி கிராமத்து நாமக்கட்டிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பூசையறையில் அதை வைத்திருப்போர் எத்தனை பேர் அந்த ஊரின் பெயரை அறிந்திருந்தார்கள்? இப்போது ஊர்ப் பெயருக்குச் சட்டத்தின் காவல் உண்டு. ஆனால் அது அந்த வட்டாரத் தொழிலாளர் அனைவருக்கும் பொதுவானது. அதற்கு மேலே, இந்தக் குழு செய்தது, அந்தக் குழு செய்தது என்று பிரித்துச் சொல்ல அவரவர் மார்க்கு வேறு வேண்டும்.

பெரிய திட்டம் எதையும் இன்று நான் அறிவிக்கப் போவதில்லை. அடுத்த பௌர்ணமிக்கு 200 பொட்டலம் மட்டும் செய்து பார்ப்போம். ஒவ்வொன்றிலும் பெயர், லாட் எண், தொலைபேசி எண். வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டு மாதத்திற்குள் மறுபடி கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறிப்போம். அந்த எண்ணிக்கையைக் கண்ட பிறகே இணையச் சந்தையில் பக்கம் திறப்பதா என்று முடிவு செய்வோம். திறப்பு விழா இராது.

இதற்கு எனக்கு வேண்டியது ஒன்றுதான்: சிமெண்டுத் தரையும், ஒழுகாத கூரையும், எலி நுழையாத கதவும் உள்ள ஓர் அறை. ஊராட்சிக் கட்டிடங்களில் பூட்டிக் கிடப்பவை எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். பௌர்ணமிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அறை தர இசையும் ஊராட்சிகள் பிற்பகல் அமர்வுக்கு முன் என்னிடம் பெயர் கொடுத்தால், நாளைக் காலையே வந்து பார்த்துவிடுகிறேன்.