எதை முதலில் செய்வது, எதை விடுவது?



மென்பொருள் நிறுவனங்களில் 'புரொடக்ட் மனேஜர்' என்ற பதவியில் எங்கள் பழைய மாணவிகள் சிலர் இருக்கிறோம். பொறியியலாளர்கள் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, எதைச் செய்யாமலே விடுவது என்று தீர்மானிப்பதுதான் எங்கள் வேலை. இத்துறைக்கு வர விரும்பும் தங்கைமார், நல்ல யோசனைகள் எப்படி வரும் என்றே கேட்கிறார்கள். யோசனைக்குப் பஞ்சமே இல்லை. விற்பனைப் பகுதியார், வாடிக்கையாளர், பணிப்பாளர் எல்லோரும் அள்ளித் தருவார்கள். வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம்.

கென்யாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். வொடபோன், சபாரிகொம் நிறுவனங்கள் 2005இல் அங்கே எம்-பெசா என்ற சேவையைப் பரீட்சித்துப் பார்த்தன. பொறுப்பாக நின்று நடத்தியவர் சூசி லோனி என்ற பெண்மணி. சிறுகடன் பெற்றவர்கள் கைத்தொலைபேசி மூலம் தவணை கட்ட வேண்டும் என்பதே திட்டம். சனங்கள் செய்ததோ வேறு. ஒருவருக்கொருவர் பணம் அனுப்பினார்கள். பிரயாணம் போகுமுன் காசை வைப்பிலிட்டு, போன இடத்தில் எடுத்தார்கள். கடன் பகுதியோ, கடன் நிறுவனத்தின் கணக்கு முறையோடு பொருந்தாமல் தலையிடியாக இருந்தது. 2007 மார்ச்சில் சேவை நாடெங்கும் வந்தபோது கடன் பகுதியை விட்டுவிட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பலாம் என்பதே விளம்பரமாயிற்று. முதலில் போட்ட திட்டத்தையே ஒதுக்குவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

ஆகவே, பாவிப்பவர் கேட்பதைக் கேளுங்கள். அவர் செய்வதை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். ஒரு யோசனை வந்தால், எத்தனை பேருக்கு உதவும், எவ்வளவு உதவும், அதில் எங்களுக்கு எவ்வளவு நிச்சயம், எத்தனை கிழமை வேலை என்று நான்கு கேள்வி கேட்டுப் புள்ளியிடுவது வழக்கம். முதல் மூன்றையும் பெருக்கி, வேலையால் வகுப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் 'நிச்சயம்' என்ற இடத்தில் பலரும் ஆசையைத்தான் எழுதுகிறார்கள். ஐந்து பாவனையாளருடனாவது பேசாதவரை அங்கே பெரிய எண் போடாதீர்கள்.

இன்னொன்று. கூட்டத்தில் யோசனைகளை வாசிக்கும்போது, தந்தவரின் பெயரைச் சொல்லாமல் வாசியுங்கள். பணிப்பாளரின் யோசனையும் நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் யோசனையும் அப்போதுதான் ஒரே தராசில் நிற்கும். எங்களில் பலரின் குரல் முதன்முதலாகக் கூட்டத்தில் எடுபட்டது இப்படித்தான்.

ஒதுக்கியவற்றைக் குப்பையில் போடாமல், ஒதுக்கிய காரணத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். யோசனை தந்தவருக்கும் அக்காரணத்தை நேரே சொல்லுங்கள். 'பார்ப்போம்' என்று இழுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள். அன்று எழுதிய காரணம் இன்று இல்லையென்றால், அந்த யோசனையை மறுபடி மேசைக்குக் கொண்டுவரலாம்.