வழுநீக்கியும் சேய்ச் செயல்முறையும்

இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், வழுநீக்கி எனப்படும் கருவி தன் பொழுதின் பெரும்பகுதியை எதில் கழிக்கிறதோ அதைப் பற்றியதாகும். ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி அதன் மாறிகளையும் பதிவகங்களையும் பார்வையிட உதவும் இக்கருவி, பார்க்கும் வேலையை நொடியில் முடித்துவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் தன் பிடியிலுள்ள செயல்முறை எப்போது நிற்கும், எப்போது முடியும் எனக் காத்துக்கொண்டிருக்கிறது. இக்காத்திருப்பைச் செயலின்மை எனக் கருதுவது தவறு. வழுநீக்கியின் நம்பகத்தன்மை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு செயல்முறை மற்றொன்றைத் தோற்றுவித்தால் முன்னது தாய் என்றும் பின்னது சேய் என்றும் வழங்கும். வழுநீக்கி தாயின் இடத்திலும் அதன் பிடியிலுள்ள செயல்முறை சேயின் இடத்திலும் நிற்கும். சேய் முடிவுற்றபின் அதன் முடிவுநிலையைத் தாய் கேட்டுப் பெறும் வரை, இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் அதைத் தன்னிடமே வைத்திருக்கும். 1971இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே இடம்பெற்ற ‘வெயிட்’ என்னும் அழைப்பு இதற்கானது. 1975இல் வந்த ஆறாம் பதிப்பு ‘பிடிரேஸ்’ என்னும் அழைப்பைச் சேர்த்து, ஒரு செயல்முறை மற்றொன்றை நிறுத்தவும் அதன் நினைவகத்தைப் படிக்கவும் மாற்றவும் வழிசெய்தபோது, வெயிட் அழைப்பு முடிவோடு இடைநிறுத்தத்தையும் அறிவிக்கும் கடமையை ஏற்றது. முடிவு ஒருமுறையே நிகழ்வது. நிறுத்தமோ எத்தனை முறையும் நிகழக்கூடியது. இன்றைய சிக்கல்களில் பலவற்றுக்கு இவ்வேறுபாடே வேர்.

அறிவிக்கப்படும் நிலை ஓர் எண்ணாக வருகிறது. லினக்ஸில் நிறுத்தத்தைக் குறிக்கும் எண்ணின் கீழ் பைட் 127 ஆகவும், அடுத்த பைட் சேயை நிறுத்திய சிக்னலின் எண்ணாகவும் இருக்கும். இன்டெல் வகைச் செயலிகளில் நிறுத்தப்புள்ளி வைப்பதென்பது, உரிய கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவ்விடத்தில் ஒரு பைட் அளவுள்ள பொறிக்கட்டளையை எழுதுவதாகும். செயலி அதை நிறைவேற்றியதும் கெர்னல் 5ஆம் எண் சிக்னலால் சேயை நிறுத்த, வழுநீக்கிக்கு 1407 என்னும் எண் கிடைக்கிறது. ஐந்தை 256ஆல் பெருக்கி 127ஐக் கூட்டிப் பார்ப்போர்க்கு இதில் மர்மம் ஏதுமில்லை.

சேயின் நிலை மாறியதும் கெர்னல் தாய்க்கு ‘சிக்சைல்ட்’ என்னும் சிக்னலை அனுப்பும். புதிதாக வழுநீக்கி எழுதுவோர் பெரும்பாலும் தடுக்கிவிழும் இடம் இதுவே. இவ்வகைச் சிக்னல்கள் வரிசையில் சேர்வதில்லை. ஒன்று நிலுவையில் இருக்கையில் மற்றொன்று எழுந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அஞ்சற்காரர் வாசலில் கொடுக்கும் குரல் கடிதம் வந்திருப்பதைச் சொல்லுமேயன்றி எத்தனை என்பதைச் சொல்லாது. ஆகவே ஒரு சிக்னலுக்கு ஒரு நிகழ்வு எனக் கணக்கிடும் வழுநீக்கி, மூன்று சேய்கள் ஒரே கணத்தில் நின்றால் ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு மற்ற இரண்டையும் நின்ற இடத்திலேயே மறந்துவிடும். காத்திராமல் உடனே திரும்பும் வகையில், வெயிட்டின் விரிவாகிய ‘வெயிட்பிட்’ அழைப்பை, இனிப் பெறுவதற்கு ஏதுமில்லை என்னும் விடை வரும் வரை திரும்பத் திரும்ப விடுப்பதே முறையாகும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கிய ஜிடிபி என்னும் வழுநீக்கி, இன்றைய லினக்ஸ் வடிவில், சிக்னல் வந்ததும் ஒரு குழாயில் குறி இட்டுவிட்டு, அக்குழாயையும் பயனரின் விசைப்பலகையையும் ஒரே சுழலில் கவனிக்கிறது. வெயிட்பிட்டிலேயே முடங்கிக் கிடந்தால் பயனரின் கட்டளை அதன் காதில் விழாது.

ஒரே செயல்முறைக்குள் தனித்தனியே ஓடும் இழைகள் வந்தபின் சிக்கல் பன்மடங்காயிற்று. ஓர் இழை புதிய இழையைப் பிறப்பிக்கும்போது, பிறப்பைப் பற்றிய அறிவிப்புக்கு முன்பே பிறந்த இழை நின்றுவிட்ட செய்தி வந்து சேரலாம். அறியாத இழை எண்ணிலிருந்து வந்த செய்தி என்று அதை வீசியெறிந்தால், பிறப்பின் செய்தி வந்தபின் வழுநீக்கி ஒருபோதும் வராத நிறுத்தத்துக்காகக் காத்துக் கிடக்கும். ஜிடிபி அத்தகைய எண்களைத் தனிப்பட்டியலில் வைத்திருந்து பிறகு பொருத்திக்கொள்கிறது. பல இழைகளில் நிகழ்வுகள் ஒருங்கே காத்திருந்தால் எதை முதலில் பயனருக்குச் சொல்வது என்பதையும் அது குலுக்கல் முறையில் தேர்கிறது. எப்போதும் பட்டியலின் முதல் இழையையே எடுத்தால் கடைசியில் நிற்பவற்றுக்கு முறையே வாராது. இத்தேர்வை ஒரு சிறு நயம் எனத் தள்ளுவோர் உண்டெனினும், இழைகள் மிகுந்த நிரலில் நியாயம் காப்பது இதுவே.

ஆகவே நிகழ்வுகளைத் திரட்டுவதும் அவற்றைப் பயனருக்கு அறிவிப்பதும் வெவ்வேறு பணிகளாகவே வகுக்கப்பட வேண்டும். இரண்டையும் ஒரே செயற்கூற்றில் கலந்து எழுதும் வழுநீக்கி ஓரிழை நிரலில் ஒழுங்காக நடந்து, பல்லிழை நிரலில் பொய்சொல்லும். இன்று கட்டுரை வழங்கவிருக்கும் ஆய்வாளர்கள் தத்தம் முறைகளை ஓரிழை நிரலில் காட்டுவதோடு அமையாது, இழைகள் பிறந்தும் மடிந்தும்கொண்டிருக்கும் நிரல்களிலும் சோதித்து, தவறவிட்ட நிகழ்வுகள் எவை என்பதையும் மறைக்காமல் இவ்வவையின்முன் வைக்க வேண்டுமெனத் தலைமை கேட்டுக்கொள்கிறது.