குடுவைச் செடிக்கும் குலம் கோத்திரம் உண்டு

மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா' என்று அழைக்கும் குடுவைச் செடி இப்போது நம்மவர் வீட்டு வாசல்களிலும் தொங்குகிறது. கேமரன் மலைக்குப் போனவர்கள் ஸ்ட்ராபெரியோடு அதிலும் ஒரு தொட்டி வாங்கி வருகிறார்கள். கிள்ளானுக்கு வந்த சில வாரங்களில் குடுவைகள் காய்கின்றன, புதிதாக ஒன்றும் வருவதில்லை, பிறகு செடியே போய்விடுகிறது. கைராசி இல்லை என்று பழியைத் தங்கள்மேல் போட்டுக்கொள்கிறார்கள். கைராசியில் குறையில்லை, ஐயா! செடியின் தாய் தகப்பனை விசாரிக்காமல் வாங்கியதுதான் கோளாறு.

மலையில் வளரும் மேக்ஃபார்லனை என்ற இனத்துக்கு இரவுக் குளிர் வேண்டும். அம்புலாரியா, கிராசிலிஸ் இரண்டும் சமவெளி இனங்கள். நம் புழுக்கம் அவற்றுக்குப் பழக்கமானது. கலப்பினம் என்றால் இரு பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். பெற்றோர் இருவரும் மலைச் செடிகளானால் பிள்ளை கோலாலம்பூரில் பிழைப்பது கடினம்.

இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பக்கத்தில் வேறு இனம் பூத்தால் காட்டிலேயே சம்பந்தம் நடந்துவிடும். அம்புலாரியா குண்டுச் சட்டி போன்றது. மூடி பின்னால் மடிந்து கிடக்க, மழையும் சருகும் நேரே உள்ளே விழும். கிராசிலிஸ் ஒல்லி, மூடி வாய்க்குமேல் கூரையாக நிற்கும். இவ்விரண்டின் பிள்ளையான டிரைக்கோகார்ப்பாவுக்கு ஒரு பக்கத்து வயிறும் மறு பக்கத்து மூடியும் பாதிப் பாதியாக வாய்த்திருக்கும்.

ஏமாறும் இடம் ஒன்றுண்டு. ஒரே செடியில் தரையோரக் குடுவை ஒரு விதம், கொடி ஏறியபின் வருவது வேறு விதம். கீழ்க்குடுவையின் முன்புறம் இரண்டு சிறகுகள் இருக்கும். மேலே வருவதில் அவை சுருங்கி வெறும் கோடாகும், காம்பும் முதுகுப் பக்கம் சேரும். இது தெரியாமல் ஒரு செடிக்கு இரண்டு பெயர் வைத்தவர்கள் உண்டு. எனவே கீழ்க்குடுவையைக் கீழ்க்குடுவையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இங்கிலாந்தின் வீச் நாற்றுப் பண்ணையில் ஜான் டொமினி உருவாக்கிய கலப்பினம் 1862இல் வெளிவந்தது. அதன்பின் கலப்பின்மேல் கலப்பாகப் பெருகிவிட்டன. அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல நிபுணராலும் ஆகாது. பெயர்ச்சீட்டு தொலைந்தால் வம்சமும் தொலைந்தது. புதியவர்களுக்குப் பிலிப்பீன்ஸ் இனங்களின் கலப்பான வென்ட்ராட்டா நல்லது. நம் சூட்டைத் தாங்கும்.

தோட்ட மண்ணும் உரமும் வேண்டாம். உப்புப் போகக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டு, மழைநீர், காலை வெயில் போதும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் வறண்ட காற்றில் இலை வரும், குடுவை வராது. நாலைந்து தொட்டிகளைச் சேர்த்து வைத்தால் ஈரம் நிற்கும். கோழித் துண்டைப் போட்டு ஊட்டாதீர்கள், குடுவை அழுகும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும்.

வாங்கும்போது செடியைத் திருப்பிப் பாருங்கள். முற்றிய கொடி, பூச்சி கடித்த பழைய இலை, அறுந்த வேர், ஒட்டிய காட்டு மண் எல்லாம் சேர்ந்திருந்தால் அது நாற்று அல்ல, காட்டிலிருந்து பிடுங்கியது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.