சூழல் சிற்றூர்: நிலம் இணங்கும், மனம் இணங்குமா?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் ஊரமைப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் வட்டத்தில் சில ஆண்டுகளாக ஒரு பேச்சு அடிபடுகிறது. பணி ஓய்வு பெற்றவர்களும் பெறவிருப்பவர்களுமாகச் சிலர் சேர்ந்து, நகருக்கு வெளியே நிலம் வாங்கி, மரம் வளர்த்து, மண்வீடு கட்டி, ஒரே குடியிருப்பாக வாழலாம் என்பதே அது. தேநீர் வேளையில் தொடங்கிய பேச்சு இப்போது விலை விசாரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. வாழ்நாள் சேமிப்பும் பல்லாண்டு நட்பும் இதில் பணயம் வைக்கப்படுகின்றன. எனவே, இத்தகைய முயற்சிகள் உலகில் எங்கெங்கே, எவ்வாறு நடந்தன என்பதை ஆராய்ந்து கூறுவது பயன்படும் எனக் கருதி இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் எகோவில்லேஜ் என வழங்குவதை நாம் சூழல் சிற்றூர் எனலாம். ராபர்ட் கில்மன், டயான் கில்மன் ஆகிய இருவரும் 1991ஆம் ஆண்டில் எழுதிய ஓர் அறிக்கை இச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்தது. ஒருவரையொருவர் அறிந்து வாழத்தக்க அளவினதாய், உறைவிடம், உழைப்பு, உணவு, கல்வி ஆகிய யாவும் தன்னகத்தே கொண்டதாய், இயற்கைக்கு ஊறு செய்யாமல் நெடுங்காலம் நிலைக்கவல்லதாய் அமையும் குடியிருப்பு என்பது அதன் சாரம். 1995இல் ஸ்காட்லாந்தின் ஃபிண்ட்ஹார்ன் என்னும் இடத்தில் கூடிய மாநாட்டையொட்டி இத்தகைய ஊர்களுக்கென ஓர் உலக வலையமைப்பும் உருவாயிற்று. பெயர் புதிது; வேட்கை பழையது.

நம் முன்னோர் ஒரு நிலத்தின் வாழ்வைப் பாட வந்தபோது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்தனர். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் போன்றவை கரு. அங்கு வாழும் மாந்தரின் அகவொழுக்கம் உரி. சூழல் சிற்றூர்களை அளப்பதற்கும் இந்த அளவுகோலே போதும் என்பது என் கருத்து. அவற்றின் ஈர்ப்பெல்லாம் முதலிலும் கருவிலும் இருக்கிறது; இடர்ப்பாடெல்லாம் உரியில் இருக்கிறது.

முதலில் ஈர்ப்பைப் பார்ப்போம். நமக்கு அண்மையிலுள்ள ஆரோவில்லையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, 1968 பிப்ரவரி 28ஆம் நாள் அன்னை மிர்ரா அல்ஃபாசாவின் எண்ணப்படி அந்நகர் தொடங்கப்பெற்றது. 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. ஆனால் அம்மண்ணைப் பெற்றுக்கொண்ட நிலமோ மண்ணிழந்து கிடந்தது. காடழிந்த செம்மண் மேடு. மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடைகளின் வழியே கடலைச் சிவக்கச் செய்யும். கோடையில் புழுதி பறக்கும். குடியேறியவர்கள் முதலில் செய்தது கரைகட்டும் வேலை. வரப்புயர்த்தி, ஓடைகளில் தடுப்பணை கட்டி, மழை விழுந்த இடத்திலேயே நீரை நிறுத்தினர். பின்பு இலட்சக்கணக்கில் மரம் நட்டனர். விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்கள் நிழல் தந்த பிறகு, இம்மண்ணுக்கே உரிய மரங்களைத் தேடினர்.

அவ்விதைகள் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? நம் கோயில் காடுகளிலிருந்து. சோழமண்டலக் கரைக்கே உரிய, பசுமை மாறாத உலர்காடு எஞ்சியிருந்தது அங்கேதான். புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அத்தகையவற்றுள் ஒன்று. சங்கப் பாடல்களில் நாம் படித்து, பொருள் எழுதி, பூவை மட்டும் காணாதிருக்கிறோமே, அந்தக் காயா அங்கே புதர்புதராய் நிற்கிறது. தெய்வத்துக்கு அஞ்சி மக்கள் வெட்டாது விட்ட சில ஏக்கர்களே ஒரு காட்டுக்கு விதைநெல் ஆயின. கருப்பொருள் திரும்பி வந்தது. அரை நூற்றாண்டில் ஒரு நிலத்தின் திணையையே மாற்றிக் காட்டிய அச்செயல், எத்தனை குறை சொன்னாலும் குறையாத சாதனை.

ஃபிண்ட்ஹார்ன் மற்றொரு சான்று. 1962இல் பீட்டர் கேடி, ஐலீன் கேடி, டாரதி மெக்லீன் ஆகியோர் வேலையிழந்த நிலையில், கடற்கரை மணலில் நின்ற ஒரு காரவான் வண்டியில் குடியிருந்து காய்கறித் தோட்டம் இட்டனர். அத்தோட்டம் ஊராக வளர்ந்தது. 1989இல் காற்றாலை நிறுவினர். அவ்வூரார் ஒருவர் இயற்கை மீது ஏற்றும் சுமை, பிரித்தானியக் குடிமகன் ஒருவரின் சராசரிச் சுமையில் ஏறத்தாழப் பாதியே என 2006ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு கண்டது. அவர்கள் துறவிகள் அல்லர். நன்றாக உண்டு, வெப்பமான வீட்டில் வாழ்பவர்களே. பொதுவாக உண்பதும், பொருள்களைப் பகிர்ந்துகொள்வதும், அருகில் விளைந்ததை உண்பதுமே அச்சுமையைக் குறைத்தன. சேர்ந்து வாழ்தல் சிக்கனம் என்பது வெறும் அறிவுரையன்று, கணக்கு.

இன்னுமோர் ஈர்ப்பு உண்டு; நம்மவர்க்கு அது பெரிது. நம் பழைய ஊரும் கூடி வாழ்ந்த ஊரே. ஏரி பொது, மந்தை பொது, கோயில் காடு பொது. ஆயினும் அந்தப் பொதுமைக்கு நடுவே ஊர் என்றும் சேரி என்றும் ஒரு கோடு கிடந்தது. யார் எங்கே குடியிருப்பது, யார் எந்தக் கிணற்றில் நீர் முகப்பது என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. கிராமத்தை ஏக்கத்தோடு பாடும் நம் கவிதைகள் பல இக்கோட்டைத் தாண்டிப் பார்ப்பதில்லை. பிறப்பை மறந்து, விரும்பியவர் விரும்பியவரோடு வாழும் ஊர் என்ற எண்ணத்தில் ஒரு விடுதலை இருக்கிறது. அதை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை.

இனி உரிப்பொருளுக்கு வருவோம்.

முதல் இடர்ப்பாடு, முடிவெடுத்தல். அனைவரும் இசைந்தாலன்றி எதுவும் செய்வதில்லை என்பது இவ்வூர்கள் பலவற்றின் கொள்கை. கேட்க இனிது. ஆனால் ஒரு வேலி எங்கே போவது என்பதற்கு மூன்று மாதம் கூட்டம் நடக்கும். பேச்சில் வல்லவரும் பொழுது மிகுந்தவரும் வெல்வர். உழைத்துக் களைத்தவர் எழுந்து போவர். இசைவு முற்றிலும் முறிந்தால் வெளியார் வந்து தீர்க்க நேரும். ஆரோவில்லில் அன்னை 1973இல் மறைந்தபின், நிர்வாகம் யாருடையது என்பதில் ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் குடியிருப்போர்க்கும் பிணக்கு முற்றியது. 1980இல் நடுவண் அரசு அவசரச் சட்டம் இயற்றித் தலையிட்டது. 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. எந்த அரசின் பிடியும் வேண்டா என எழுந்த ஊர் நாடாளுமன்றச் சட்டத்தின் நிழலில் நிற்பதாயிற்று.

அத்தோடு முடியவில்லை. முதல் திட்டம் 50,000 பேர் வாழும் நகரம். இன்று வாழ்வோர் மூவாயிரத்துச் சொச்சம். வரைபடத்தில் வட்டச் சாலை இருந்த இடத்தில் நிலத்தில் காடு வளர்ந்துவிட்டது. 2021 டிசம்பரில் சாலைக்காக மண்வாரி இயந்திரங்கள் வந்தபோது, நகரமே நோக்கம் என்றனர் ஒரு சாரார். காடே நம் வாழ்வு என்றனர் மறுசாரார். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் கட்டுமானத்தைத் தொடரலாகாது என 2022இல் அது ஆணையிட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளுபடி செய்தது. யார் பக்கம் நியாயம் என நான் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. இரு சாராரும் ஒரே அன்னையின் சொற்களையே சான்று காட்டினர் என்பதை மட்டும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சொற்கள் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

இரண்டாவது, உடைமை. ஆரோவில்லில் நிலமும் வீடும் தனியார்க்குச் சொந்தமல்ல. பணம் கொடுத்துக் கட்டினாலும் வீடு பொதுவினுடையதே. கொள்கையளவில் உயர்ந்தது. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் வெளியேற நேர்ந்தால் என்ன ஆகும்? வெளியே வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவும் கையில் ஏதும் இராது. உள்ளே மனம் ஒட்டாமலும் வெளியே போக வழியில்லாமலும் வாழ்வது பெருந்துயரம். மாறாக, உடைமையைத் தனித்தனியே வைத்துக்கொண்டால், முதல் தலைமுறை மறைந்ததும் வாரிசுகள் விற்றுவிடுவர். சிற்றூர் மனைப்பிரிவாக முடியும். இரண்டுக்கும் நடுவில் எளிய வழி எதுவும் இல்லை.

மூன்றாவது, அண்டை ஊர். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ஆரோவில்லுக்கு வேலைக்குச் செல்கின்றனர். பள்ளிகளும் மருத்துவ உதவியும் தொழிற்பயிற்சியும் அவ்வூர்களுக்குக் கிடைத்துள்ளன. கவிஞர் இரா. மீனாட்சி அவர்கள் அங்கே வாழ்ந்து அப்பகுதி இளைஞர்களின் கல்விக்காக ஆற்றிய பணியை இவ்வவையில் பலர் அறிவர். ஆயினும், விரும்பி ஏற்ற எளிமையும் விதியென வந்த வறுமையும் அருகருகே நிற்கும்போது உள்ளம் உறுத்தாமல் இராது. ஓலைக் குடிசை ஒருவர்க்கு அழகு. மற்றவர்க்கு மழையில் ஒழுகும் கூரை. நிலவிலையும் ஏறுகிறது. நம்மைப் போன்றோர் நாடிச் செல்லச் செல்ல, அவ்வூர்ப் பிள்ளை தன் ஊரிலேயே மனை வாங்க இயலாதவன் ஆகிறான்.

நான்காவது, வருவாய். நல்லெண்ணம் மட்டும் ஊரை நடத்தாது. ஃபிண்ட்ஹார்னில் கல்விப் பயிற்சிகளே பெருவருவாயாக இருந்தன. 2021இல் தீவைப்பினால் பொதுக்கூடமும் வழிபாட்டு மனையும் எரிந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் விருந்தினர் வரவும் நின்றது. 2023இல் அவ்வறக்கட்டளை தன் பயிற்சிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. ஊர் இருக்கிறது, ஊரைத் தாங்கிய தூண் சாய்ந்தது. வருகையாளரை நம்பிய வாழ்வு, வானம் பார்த்த நிலத்தைவிட உறுதியானதன்று.

இவ்விடத்தில் தமிழர் பங்குகொண்ட பழைய முயற்சி ஒன்றை நினைவூட்டல் தகும். 1910இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு அது புகலிடம். தமிழ்க் குடும்பங்களும் அங்கே வாழ்ந்தன. அடிகளே அச்சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்க முயன்றார். அவருக்குத் துணை ஜி. யு. போப்பின் தமிழ்க் கையேடு. ஏவலாளர் எவரும் இல்லை. சமையல் முதல் மலம் அகற்றுதல் வரை யாவும் அவரவர் கடமை. அப்பண்ணை மூன்றாண்டுகளே நடந்தது. போராட்டத்தின் தேவை மாறியதும் அதன் காலமும் முடிந்தது. அதைத் தோல்வி என யாரும் சொல்வதில்லை. அவர்களைப் பிணைத்தது ஒன்றாக வாழும் ஆசையன்று. ஊருக்கு வெளியே முடிக்க வேண்டிய ஒரு கடமை. மூன்றாண்டு ஒட்டியிருப்பதும் ஐம்பதாண்டு ஒட்டியிருப்பதும் வேறு என்பதையும் மறக்கலாகாது.

நண்பர்களே, இவற்றையெல்லாம் கூறியது உங்கள் கனவைக் கலைப்பதற்கன்று. நிலம் வாங்குமுன் சிலவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என வேண்டுவதற்கே. நுழைவதற்கு முன் வெளியேறும் வழியை எழுதுங்கள்: போகிறவர்க்கு என்ன கிடைக்கும், இறந்தவர் வீடு யாருக்கு என்பன. இசைவு கிட்டாதபோது முடிவு எவ்வாறு எனத் தீர்மானியுங்கள். பொதுச் சமையலறையில் நிற்கப்போவது யார் எனக் கேளுங்கள். ஆண்கள் மரம் நட்டுக் கவிதை எழுத, பெண்கள் நாற்பது பேர்க்குச் சமைப்பதானால் அது புதிய ஊரன்று. அண்டை ஊராரிடம் முதலில் பேசுங்கள், வேலையாள் தேடும்போது மட்டுமன்று. முதுமை வரும், மருத்துவமனை எத்தனை தொலைவு எனப் பாருங்கள்.

எழுதுவோர்க்கு மற்றொன்று. கவிதைக்குச் சாத்திய கதவு ஒன்று வேண்டும். எப்போதும் கூடியிருக்கும் ஊரில் தனிமையை நாடுபவன் ஒதுங்குபவனாகத் தோன்றுவான். நம் வட்டம் பத்தாண்டு நிலைத்ததற்குக் காரணம் நம் ஒற்றுமை மட்டுமன்று; திங்கள்தோறும் இரண்டு மணி நேரம் கூடிக் கடிந்துரைத்துப் பாராட்டியபின் நாம் அவரவர் வீடு திரும்பிவிடுவதும் ஒரு காரணம். இடைவெளியும் நட்பின் ஓர் உறுப்பே.

என் கருத்து இதுவே. நிலம் வாங்கும் பேச்சை இரண்டு மழைக்காலம் தள்ளி வையுங்கள். நம் சுற்றுவட்டத்தில் சீரழிந்து கிடக்கும் கோயில் காடு ஒன்றையோ, தூர்ந்த ஏரிக்கரை ஒன்றையோ, அவ்வூராரின் இசைவோடு, அவர்களோடு சேர்ந்து பேணுவோம். முதல் மழையில் கன்று நடப் பலர் வருவர், படமும் எடுத்துக்கொள்வோம். கோடையில் குடம் சுமந்து நீர் ஊற்ற எவர் வருகிறார், இரண்டாம் மழையில் பட்டுப்போன கன்றுக்கு மாற்று நட எவர் வருகிறார் எனப் பார்ப்போம். அவ்வாறு வருபவர் ஐந்து பேராயினும் அவர்கள் கூடி வாழத் தகுதி பெற்றவர்கள், நிலம் வாங்கட்டும். எவரும் வராவிடினும் இழப்பில்லை; ஓர் ஊருக்குச் சில மரங்கள் மிஞ்சும், நமக்கு நட்பு மிஞ்சும்.