கேரித் தீவின் கரைக்காவல்



கேரித் தீவு என்றதும் நம் நினைவில் எழுவது செம்பனையே. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட அதிபரின் பெயரால் வழங்கும் இத்தீவுக்குத் தெலுக் பங்லிமா காராங் வழியே பாலங் கடந்து செல்வோர், இருமருங்கும் பனை வரிசைகளையே காண்பர். அந்நிலத்தின் பெரும்பகுதி, உயர்ந்த ஓதத்தின் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது என்பது வழிப்போக்கர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கிள்ளான் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4 மீட்டர். இரண்டு ஆள் உயரத்தினும் மிகுதி. அந்நீரைத் தடுத்து நிற்பவை மண்ணாலான அணையும் மதகுகளுமே. கடல் வற்றும்போது மதகு திறந்து தோட்டத்து நீர் வெளியேறும். ஓதம் ஏறும்போது மூடிக்கொள்ளும். இடையில் ஒரு மரக்கட்டை சிக்கிக்கொண்டால் போதும், உப்புநீர் வாய்க்கால் வழியே பனையின் வேரை எட்டிவிடும். மேலும், வடிகால் வெட்டப்பட்ட களிமண் உலர்ந்து சுருங்குவதால் நிலமும் சிறிது சிறிதாகத் தாழ்கிறது. வெளியே கடல், உள்ளே தாழ்நிலம். நடுவே ஒரு மண்கரை.

அக்கரைக்கும் ஒரு காவல் உண்டு. அதுவே அலையாத்திக் காடு. பாக்காவ், அப்பி-அப்பி மரங்களின் வேர்கள் அலையின் வேகத்தைக் குறைத்துச் சேற்றைப் பிடித்து வைக்கின்றன. இக்காவல் மெலிந்து வருவதே நம் கவலை. 1980களின் நடுவில் நடந்த தேசியக் கடலரிப்பு ஆய்வு, நாட்டின் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கரையில் 29 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானதாகக் கண்டது. கடல் முன்னேறினால் காடு நிலப்பக்கம் பின்வாங்கித் தப்பும். இங்கோ அணை வழிமறிக்கிறது. மரங்கள் இரண்டுக்கும் நடுவே நெருக்குண்டு சாய்கின்றன.

கன்று நட்டால் போதாதா எனக் கேட்கலாம். அலை அடிக்கும் வெறுஞ்சேற்றில் கன்று நிலைப்பதில்லை. ஆகவே மலாயாப் பல்கலைக்கழகத்தார் இத்தீவின் கரையில், கடலினுள் கற்களாலான அலைத்தடுப்பை அமைத்து, அதன் பின்னே நீர் அமைதியுற்றுச் சேறு படிய வழிசெய்து கன்றுகளை நட்டனர். செலவு மிக்க வழிதான். எனினும் நின்றிருக்கும் காட்டைக் காப்பது எத்துணை மலிவு என்பதை அச்செலவே உணர்த்துகிறது.

உயிரினங்களின் நிலையும் மாறி வருகிறது. சேற்றில் துள்ளும் மீனுக்கும் நண்டுக்கும் இடம் குறுகினால், அவற்றைத் தின்று வாழும் நாரைகளுக்கும் இரை குறைகிறது. தலை வழுக்கையான, மலாய்மொழியில் 'போத்தாக்' எனப்படும் பெருநாரையும் அவற்றுள் ஒன்று. தோட்டத்துப் பக்கமோ கதை வேறு. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகள் பெருகவே, கூகைகள் வந்து சேர்ந்தன. தோட்டங்கள் அவற்றுக்குக் கூண்டு வைத்து வரவேற்றன. நம் பாட்டிமார் அபசகுனம் என்ற பறவை இன்று சம்பளமில்லாத காவற்காரன்!

அணையின் உட்புறம் ஈரக்கசிவோ, சேற்று இறால் குடைந்த வளையோ கண்டால் அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள். அடுத்த உவா நாள் வரை காத்திருக்க வேண்டாம். விறகுக்கெனக் கரைமரங்களை வெட்டாதீர்கள். அம்மரங்களை நம்பி வாழும் அண்டை வீட்டார் நமக்குண்டு. சுங்கை பும்புன் கிராமத்து மா மெரி மக்கள், புகழ்பெற்ற தம் முகமூடிகளைச் செதுக்குவது இக்காட்டின் நீரே பத்து மரத்தில்தான். அம்மரம் இப்போது அவர்களுக்கு முன்போல் அருகில் கிடைப்பதில்லை.