'ஃபார்மட்' செய்வதற்கு முன்...

(வளையமாதேவியில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைமையாசிரியர்களே, தொடக்கப் பள்ளிகளிலிருந்தும் மேல்நிலைப் பள்ளிகளிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, வீட்டுக் கணினி அடிக்கடி தகராறு செய்தால் என்ன செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். பழுது பார்ப்பது என் தொழில் அல்ல. ஆனால் உங்களைப் போலவே எனக்கும் வினாத்தாள், பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், எமிஸ் பதிவு எல்லாமே வீட்டில் இருக்கும் ஒரு பழைய கணினியை நம்பித்தான் நடக்கின்றன. அதை இன்றுவரை ஃபார்மட் செய்யாமல் ஓட்டி வருகிறேன். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

கணினியைக் கடைக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஓஎஸ் போயிடுச்சு சார், புதுசா போட்டுடலாம்." சொல்பவரைக் குறை கூற முடியாது. காரணத்தைத் தேட அரை நாள் ஆகலாம்; விண்டோஸ் போட ஒரு மணி நேரம் போதும். அவருக்கு அது சிக்கனம். நமக்கு அதில் மூன்று நட்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, கோப்புகள் மட்டுமல்லாமல் அவற்றைத் திறக்கும் வழியும் போய்விடும். நம்மில் பலர் 15 ஆண்டுகளுக்கு முன் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த வினாத்தாள்களை இன்னும் வைத்திருக்கிறோம். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய குறியீட்டின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் பழைய குறியீட்டில்தான் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த தலைமையாசிரியை ஒருவரின் கணினிக்குக் கடையில் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். கோப்புகள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. ஆண்டாய்வு அன்று ஒன்றைக்கூட அவரால் படிக்க முடியவில்லை.

இரண்டாவது, பழுது வன்பொருளில் இருந்தால் விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் அது ஒரு வாரத்தில் திரும்பி வரும். மூன்றாவது, எதனால் கெட்டது என்பதற்கான தடயமும் அழிந்துபோகும். திருக்குறளில் மருத்துவம் பற்றிய 95ஆம் அதிகாரம் நோயின் காரணத்தைத் தேடிய பிறகே சிகிச்சைக்குப் போகச் சொல்கிறது. அந்த வரிசை இங்கும் பொருந்தும்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகம்

முதல் கருவி ஒரு பழைய நோட்டு. கணினி நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், திரையில் என்ன தெரிந்தது என்ற நான்கையும் எழுதுங்கள். திரையில் வரும் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தொந்தரவு தொடங்குவதற்கு முன் புதிதாக என்ன நடந்தது, புதிய பிரிண்டரா, புதிய மென்பொருளா, விண்டோஸ் அப்டேட்டா, இடி மழையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இது புதிய பழக்கம் அல்ல. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க்-2 கணினி தடுமாறியபோது, அதன் ரிலே ஒன்றில் சிக்கியிருந்த விட்டில் பூச்சியைப் பொறியாளர்கள் எடுத்தார்கள். அதைத் தங்கள் பதிவேட்டிலேயே ஒட்டி, நேரத்தையும் எந்த ரிலே என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் கணினி சில காலம் திடீர் திடீரென்று அணைந்து மீண்டும் தொடங்கியது. வைரஸ் என்றார்கள், விண்டோஸ் என்றார்கள். பத்து நாள் எழுதிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் நடந்திருந்தன. அந்த நேரத்தில்தான் எங்கள் வரிசையில் வீடுதோறும் தண்ணீர் மோட்டார் ஓடும், மின்னழுத்தம் இறங்கும். அதைத் தாங்கத்தான் யுபிஎஸ் இருக்கிறது. கணினியைக் கழற்றிவிட்டு யுபிஎஸ்ஸில் ஒரு மேசை விளக்கை மாட்டி, சுவர் இணைப்பைப் பிடுங்கினேன். விளக்கு அந்த நொடியே அணைந்தது. யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்துப்போயிருந்தது. பேட்டரியை மாற்றியதோடு தொந்தரவு நின்றது. விண்டோஸில் கை வைக்கவே இல்லை.

எதைத் தொடும் முன்பும் நகல்

இரண்டாவது வேலை நகல் எடுப்பது. பழுது பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய மூன்றிலும் இருப்பவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இன்னொன்று என இரண்டு நகல்களாக வையுங்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்று ஒரு கோப்புறை இருக்கும். அதிலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸே திறக்கவில்லை என்றாலும் கோப்புகள் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். 2011 இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினிகள் நம்மில் பலர் வீட்டில் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதன் வழியே உள்ளே போய்க் கோப்புகளை எடுக்கலாம். அது இல்லாத கணினி என்றால், வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே கோப்புகள் திறக்கும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 11 கணினிகள் சிலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதற்கான ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வையுங்கள்.

மின்சாரம், சூடு, தூசி, தேதி

நகல் எடுத்தபின் வெளியிலிருந்து உள்ளே போங்கள். பிளக் ஆடுகிறதா? வேறு சாக்கெட்டில் மாட்டினால் சரியாக இருக்கிறதா? மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பேட்டரி தனியே கழலும் வகை என்றால், அதைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எதில் நிற்கிறது என்பதே பாதி விடை.

கணினி தொடங்கி அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மந்தமாகி அணைகிறதா? சூட்டைச் சந்தேகியுங்கள். நம் பக்கத்தில் கோடையில் கதவைச் சாத்தினாலும் மேசை மேல் தூசி படிகிறது; கணினிக்குள்ளும் அப்படித்தான். மேசைக் கணினி என்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்க மூடியைத் திறந்து, விசிறியைச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் துடைக்கலாம்.

ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாகவே இருந்தால், ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம். அதைக் கழற்றி, தங்க நிற முனைகளை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி பொருத்துங்கள். தொடுவதற்கு முன் கையை ஏதாவது ஒரு இரும்புப் பொருளின் மேல் வைத்து எடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. "நெட் இருக்கிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை, பாதுகாப்பற்றது என்று வருகிறது" என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். கணினியின் தேதியைப் பார்த்தால் பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உள்ள ஒரு சான்றிதழ் உண்டு. கணினியின் தேதி தவறாக இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி தடுத்துவிடும். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்ததுதான் காரணம். கடிகாரக் கடையிலேயே அது கிடைக்கும்.

டிஸ்க்கும் மென்பொருளும்

அடுத்து ஹார்ட் டிஸ்க். 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ, ஒரு கோப்பைத் திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ, மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு நகல் எடுப்பதை முடியுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவைப் படித்து, நலமா எச்சரிக்கையா என்று காட்டும். டிஸ்க் கெட்டுவருகிறது என்றால் புதிய எஸ்எஸ்டி வாங்கி, பழையதை அப்படியே அதில் 'குளோன்' செய்யச் சொல்லுங்கள். எல்லாம் இருந்தபடியே வந்துவிடும், வேகமும் கூடும். டிஸ்க் நலமாக இருந்தும் மந்தம் என்றால் சி டிரைவில் காலி இடம் இருக்கிறதா பாருங்கள். நிரம்பி வழியும் சி டிரைவே பல கணினிகளின் நோய்.

வன்பொருளில் குறையில்லை என்று தெரிந்தபின் விண்டோஸுக்கு வாருங்கள். அதுவே நமக்காக ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறது. தேடு பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு வரைபடம் வரும். எந்த நாளில் எந்த மென்பொருள் நின்றுபோனது, அன்று எது புதிதாக ஏறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் பட்டியலில் 'சேஃப் மோடு' இருக்கும். அதில் விண்டோஸ் மிகவும் தேவையானவற்றோடு மட்டும் தொடங்கும். அதில் நன்றாக ஓடினால், பின்னால் சேர்த்த ஏதோ ஒன்றுதான் தொந்தரவு. எது என்று கண்டுபிடிக்க நம் கணக்கு உதவும். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் 32 மென்பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் 32 முறை ஆகலாம். பாதியை, அதாவது 16ஐ நிறுத்திப் பாருங்கள். சரியானால் குற்றவாளி அந்த 16க்குள்; இல்லையென்றால் மீதி 16க்குள். பிறகு 8, 4, 2, 1. ஐந்தே முறையில் அகப்பட்டுவிடும்.

புதிய அப்டேட்டோ டிரைவரோ காரணம் என்றால் அதை மட்டும் நீக்கலாம். 'சிஸ்டம் ரீஸ்டோர்' முன்பே இயங்கிக்கொண்டிருந்தால், கணினியின் அமைப்புகளைப் பழைய தேதிக்குத் திருப்பலாம்; உங்கள் கோப்புகளை அது தொடாது. இன்னொரு எளிய சோதனை, புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் வேலை செய்து பார்ப்பது. அதில் தொந்தரவு இல்லை என்றால் கெட்டது உங்கள் கணக்கின் அமைப்பு மட்டும்தான்.

எந்தச் சோதனையானாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒரே நாளில் நான்கை மாற்றினால் எதனால் சரியானது என்று நமக்கே தெரியாது. அறிவியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நாம் சொல்லித்தருவதும் இதைத்தான்.

பென்டிரைவ் பற்றி ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் கடையில் வினாத்தாள் எடுத்து வந்தபின், கோப்புகள் காணாமல் போய் வெறும் ஷார்ட்கட் மட்டும் இருந்தால், உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். பெரும்பாலும் வைரஸ் அவற்றை மறைத்துத்தான் வைத்திருக்கும். ஷார்ட்கட்டைச் சொடுக்காமல், முதலில் ஆன்டிவைரஸால் சோதியுங்கள். பிறகு கோப்புறை அமைப்பில் மறைந்திருக்கும் கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்.

எப்போது புதிதாகப் போடலாம்?

விண்டோஸைப் புதிதாகப் போடவே கூடாது என்று சொல்லவில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்துவிட்டால், அல்லது டிஸ்க் முழுதும் கெட்டு குளோன் செய்ய முடியாமல் போனால், வேறு வழியில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் அடுத்த பதிப்புக்கு மாறுவதும் நியாயம்தான். அப்போதும் நகலும் எழுத்துருக்களும் கையில் இருக்கட்டும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்று விண்டோஸே தரும் ரீசெட் வசதி உங்கள் ஆவணங்களை வைத்துக்கொள்ளும். நீங்கள் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும்.

கடைக்குப் போக நேர்ந்தால் நோட்டையும் எடுத்துப் போங்கள். "என்னவோ ஆயிடுச்சு" என்பதற்குப் பதிலாக, "சாயந்திரம் மட்டும் அணைகிறது, சார்ஜரைக் கழற்றினால் சரியாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பழுது பார்ப்பவரும் வேறு மாதிரி வேலை செய்வார்.

உங்கள் கணினி இன்று நன்றாகத்தான் ஓடுகிறது என்றால், இன்று இரவே நகல் எடுத்துவிடுங்கள். அது நின்றபிறகு எடுப்பதைவிட இப்போது எடுப்பது சுலபம்.